கடல்தண்ணீர் பம்பு நின்ற பிறகு: ஒரு படகு எஞ்சினைச் சோதித்த அனுபவம்

தேவகோட்டையில் டீசல் எஞ்சின் பட்டறை வைத்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. செட்டிநாட்டில் கண்மாயும் ஊருணியும் உண்டே தவிரக் கடல் கிடையாது. ஆகையால் என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் லாரி, டிராக்டர், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியின் கம்ப்ரசர் ஆகியவற்றின் எஞ்சின்கள்தான். ஆனால் திருவாடானை வழியாகப் போனால் தொண்டிக் கடற்கரை அதிகத் தொலைவில்லை. எனவே, கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை நடைமுறையில் இருக்கும்போது, விசைப்படகு எஞ்சின்கள் மினி லாரியில் ஏறி எங்களிடம் வந்து சேரும். அந்த வேலைகளில் நான் கற்றவற்றுள் மிகவும் பயன்பட்ட பாடத்தை, என் பிழையாலேயே கற்றுக்கொண்டேன் என்பதால், அதை முழுமையாக எழுத விரும்புகிறேன்.

தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் கூட ஆகாத ஒரு விடியற்காலையில் தொண்டிப் பக்கத்துப் படகு உரிமையாளர் ஒருவர் கைப்பேசியில் அழைத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். அவருடைய தந்தை காலத்திலிருந்தே பழக்கம்.

"அண்ணே, நடுக்கடல்ல எஞ்சின் சூடாகிப் போச்சு. கடல்தண்ணி பம்புல இம்பெல்லர் பிஞ்சு கெடந்துச்சு. வேற இம்பெல்லர் போட்டு ஸ்டார்ட் பண்ணி மெதுவாக் கரைக்கு வந்துட்டோம். இப்ப ஆயில் மட்டும் மோர் மாதிரி வெள்ளையா இருக்கு."

"தம்பி, நான் வந்து சேர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அரை நிமிஷம் கூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றால், ஏதேனும் ஒரு சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் தேங்கியிருக்கக்கூடும். காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழியில்லாவிட்டால், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகட்டின் விலையில் முடிந்திருக்க வேண்டிய சேதம், ஸ்டார்ட்டர் பொத்தானை ஒருமுறை அழுத்தியதால் எஞ்சினின் உடலான பிளாக் வரை போனதை நான் வேறு எஞ்சின்களில் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படகில் இருந்தது லாரி எஞ்சினைக் கடலுக்கேற்றபடி மாற்றிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட், மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு; பிஸ்டன் ஓடும் உறைகளான லைனர்கள், தண்ணீர் நேரடியாகத் தொடும் வகை. இத்தகைய எஞ்சினில் தண்ணீர் இரண்டு தனித்தனிப் பாதைகளில் ஓடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் சோதனையைத் தொடங்கக்கூடாது. முதலாவது நன்னீர்ப் பாதை. பெல்ட்டில் ஓடும் பம்பு, பிளாக்கிலும் ஹெட்டிலும் நன்னீரைச் சுழற்றித் சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட் வழியாகக் கூலருக்கும், நன்னீர் ஊற்றும் தொட்டியான ஹெடர் டேங்கிற்கும் அனுப்புகிறது. இரண்டாவது கடல்நீர்ப் பாதை. படகின் அடியிலுள்ள வால்வு வழியே நுழையும் கடல்நீர், வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லர் சுழலும் வெண்கலப் பம்பினால் இழுக்கப்பட்டு, எண்ணெய்க் கூலரையும் நன்னீர்க் கூலரின் குழாய்களையும் குளிரச் செய்துவிட்டுப் படகின் பக்கவாட்டில் வெளியே விழுகிறது. அனுபவமுள்ள டிரைவர்கள் மீட்டரைவிட அந்தப் பக்கவாட்டுத் தண்ணீரைத்தான் அடிக்கடி எட்டிப் பார்ப்பார்கள். அது சரியான பழக்கம்.

நின்றுபோனது இரண்டாவது பாதை. ஆனால் சேதம் ஏற்படுவது முதல் பாதையில்தான். கடல்நீர் நின்றதும் நன்னீர் சூட்டைக் கொட்ட இடமின்றிக் கொதிக்கிறது. ஹெடர் டேங்க் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவியாகப் போய்விடுகிறது. அதன் பிறகு ஹெட்டின் மேற்பகுதியில் தண்ணீர் இருப்பதில்லை, ஆவிதான் இருக்கிறது.

படகில் ஏறியதும் எந்த ஸ்பேனரையும் எடுக்காமல் டிரைவரிடம் அரை மணி நேரம் பேசினேன். இதை நேர விரயம் என்று என் உதவியாளர்கள் நினைப்பதுண்டு. என் கணிப்பில், முழுச் சோதனையில் பாதி இந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும். எஞ்சின் தானாக நின்றதா, நீங்கள் நிறுத்தினீர்களா? நிற்பதற்கு முன் சுழற்சி குறைந்து இழுத்ததா? புகை என்ன நிறம்? சூடாகி எவ்வளவு நேரம் ஓடியது? நிறுத்திய பிறகு எதை எங்கே ஊற்றினீர்கள்? இவற்றுக்கு உண்மையான பதில் வர வேண்டுமானால், கேட்பவர் யாரையும் குற்றம் சாட்டும் குரலில் கேட்கக்கூடாது.

அவர் சொன்னதை வரிசைப்படுத்தினால் நடந்தது இதுதான். மடிவலை இழுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டுத் தண்ணீர் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வெப்ப மீட்டர் ஒருமுறை உயர்ந்து, பின்னர் கீழே இறங்கியிருக்கிறது. இறங்கியதைக் கண்டு சூடு தணிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எஞ்சின் இழுக்க முடியாமல் திணறி, பெயிண்ட் கருகும் வாடை வந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறார். அதன் பின் வடிகட்டியைத் திறந்தால் கடற்புல் அடைத்திருந்தது. பம்பைத் திறந்தால் இம்பெல்லரின் இறகுகள் பிய்ந்திருந்தன. கையில் இருந்த புது இம்பெல்லரைப் பொருத்தி, காலியாக இருந்த ஹெடர் டேங்கில் இரண்டு வாளிக் கடல்நீரை ஊற்றிக் கிளப்பியிருக்கிறார்கள்.

மீட்டர் இறங்கியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெப்பத்தை உணரும் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையான அளவைக் காட்டும். தண்ணீர் ஆவியாகிப்போய் அந்த முனை வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே வரும். உயர்ந்த முள் காரணமின்றி இறங்கினால், அது உயர்ந்ததைவிடப் பெரிய ஆபத்து. இதை இப்போது என்னிடம் வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்கிறேன்.

வாளிக் கடல்நீரும் அப்படியே. உயிரோடு கரை சேர வேண்டிய நிலையில் அவர்கள் செய்ததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். வேறு தண்ணீர் இல்லையென்றால் நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் கையால் தொட முடிகிற அளவுக்கு எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ஊற்றியிருக்க வேண்டும். கொதிக்கும் வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால், வால்வு சீட்டுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய பாலம் வெடித்துவிடும். மேலும், கரைக்கு வந்த அன்றே அந்த உப்பு நீரை முழுதும் வடித்து, நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறையாவது அலசியாக வேண்டும்.

இனி சோதனைக்கு வருகிறேன். எண்ணெய் ஓர் இரவு முழுதும் அசையாமல் இருந்ததால், எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் வடிகால் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் சில திருகுகள் மட்டும் தளர்த்தினேன். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் தங்கியிருக்கும் தண்ணீர்தான் முதலில் சொட்டும். அரை லிட்டருக்கு மேல் தெளிந்த தண்ணீர் வந்தது. அதை ஒரு தகரக் கிண்ணத்தில் காய்ச்சியபோது வெள்ளையாக உப்புப் படிந்தது.

சாதாரணமாக இந்த ஓர் உப்புச் சோதனையே பெரும் விடையைத் தந்துவிடும்: உப்பு இருந்தால் வந்தது கடல்நீர்ப் பாதையிலிருந்து, இல்லாவிட்டால் நன்னீர்ப் பாதையிலிருந்து. இந்த எஞ்சினில் கடல்நீர்ப் பம்பு, எண்ணெய் ஓடும் பல்சக்கரப் பெட்டியான டைமிங் கேஸோடு பல்சக்கரத்தால் இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய பம்பில் தண்ணீரைத் தடுக்க ஒரு சீல், எண்ணெயைத் தடுக்க ஒரு சீல், இரண்டுக்கும் நடுவில் கீழ்நோக்கி ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். தண்ணீர் சீல் தேய்ந்தால் கடல்நீர் அந்தத் துளை வழியே வெளியே சொட்டி, நமக்கு அறிவிப்புக் கொடுக்கும். அந்தத் துளை அடைபட்டால், தண்ணீர் அடுத்த சீலையும் கடந்து நேராக எண்ணெய்க்குள் இறங்கும். தொண்டியில் பம்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். தடைக்காலத்தில் எஞ்சினுக்கு அழகாகப் புது வண்ணம் பூசியிருந்தார்கள்; கசிவுத் துளை அந்த வண்ணத்தால் முற்றிலும் மூடியிருந்தது. இரண்டு சீல்களும் கருகிச் சுருங்கியிருந்தன.

அங்கேயே நின்றிருந்தால், எண்ணெயில் வந்த தண்ணீருக்குக் காரணம் பம்புதான் என்று முடிவுகட்டிப் பம்பை மட்டும் சரிசெய்து கொடுத்திருப்பேன். உரிமையாளரும் அதைத்தான் விரும்பினார். பருவம் தொடங்கிய நேரத்தில் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. ஆனால் ஹெடர் டேங்கிலும் கடல்நீர் ஊற்றப்பட்டிருந்ததால், இந்த முறை உப்பு எதையும் தனியாக நிரூபிக்கவில்லை. பம்பு வழியாக வந்த தண்ணீரும் உப்பாக இருக்கும், ஹெட் கேஸ்கெட் வழியாகவோ லைனரின் அடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் வழியாகவோ வந்த தண்ணீரும் உப்பாகத்தான் இருக்கும். அதைச் சொல்லிப் புரியவைத்து, எஞ்சினை இறக்கித் தேவகோட்டைக்குக் கொண்டுவந்தேன்.

இம்பெல்லரைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகரக்கூடாது. பழைய இம்பெல்லருக்குப் பன்னிரண்டு இறகுகள். அதில் ஐந்து மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பம்பின் உள்ளே கிடைத்த துண்டுகளைத் தரையில் பரப்பி, உடைந்த இடங்களோடு பொருத்திப் பார்த்தபோது, மூன்று இறகுகளுக்குக் கணக்கு வரவில்லை. ரப்பர் துண்டு காணாமல் போகாது. தண்ணீர் போகும் திசையில் போய் முதலில் தட்டுப்படும் குறுகிய இடத்தில் நிற்கும். எண்ணெய்க் கூலரின் வாயில் இரண்டும், நன்னீர்க் கூலரின் மெல்லிய குழாய்களின் முகப்பில் ஒன்றும் கிடைத்தன. கடலில் புது இம்பெல்லர் போட்ட பிறகும் பக்கவாட்டுத் தண்ணீர் பழைய வேகத்தில் விழவில்லை என்று டிரைவர் சொன்னதற்கு இதுவே காரணம். துண்டுகளை எண்ணி முடிக்காமல் பம்பை மூடுகிறவர், அடுத்த சூட்டுக்கு நாள் குறித்துவிடுகிறார்.

பட்டறையில் முதலில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட கம்பியைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினேன். ஐந்தாவது சிலிண்டரின் துளையிலிருந்து ஒரு கைப்பிடி அளவு தண்ணீர் பீய்ச்சியது. தொண்டியில் யாராவது ஸ்டார்ட்டரை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உரிமையாளருக்குக் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. கையால் சுற்றும்போது எங்கே இறுகுகிறது, எங்கே உரசும் ஒலி வருகிறது என்பதை உள்ளங்கை உணரும். நான்காவதும் ஐந்தாவதும் மேலே வருமிடத்தில் லேசான பிடிப்பு இருந்தது.

பின்னர்ப் பழைய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தேன். முன் மூன்று சிலிண்டர்களும் 375 முதல் 380 பி.எஸ்.ஐ. வரை காட்டின. ஆறாவது 360. நான்காவது 250, ஐந்தாவது 240. எண்களின் பருமனைவிட அவை அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுபோல் குறைந்தால், அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கா கேஸ்கெட்டா என்ற ஐயம் தீர, ஒரு தேக்கரண்டி எண்ணெயை அந்தச் சிலிண்டர்களில் விட்டு மறுபடி அளந்தேன், அளவு உயரவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவைச் சற்றே உயர்த்தியிருக்கும்.

ஹெட்டைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை உண்டு. திறந்த பிறகு அதைச் செய்ய முடியாது. சம்ப்பைக் கழற்றிவிட்டு, நன்னீர்ப் பாதை முழுவதையும் தண்ணீரால் நிரப்பி, ஹெடர் டேங்க் வாயிலிருந்து 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்தாவது லைனரின் அடியிலிருந்து சொட்டு விழுந்தது. ஓ ரிங் சூட்டில் வெந்து கண்ணாடிபோல் விறைத்திருந்தது. ஆக, பம்பின் சீல், ஹெட் கேஸ்கெட், லைனர் ஓ ரிங் ஆகிய மூன்று வழிகளிலும் தண்ணீர் எண்ணெய்க்குள் வந்திருக்கிறது. இவற்றில் எந்த ஒன்றைக் கண்டதும் நிறுத்தியிருந்தாலும் மற்ற இரண்டும் உள்ளேயே இருந்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றியபோது கேஸ்கெட் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே கருகிப்போய் இருந்தது. ஹெட்டின் முகத்தில் நேர்கோலை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் செருகினேன். முன் ஹெட்டில் 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையவில்லை. பின் ஹெட்டில் நடுவில் 0.15 மி.மீ. தகடு தாராளமாகப் போயிற்று. நன்னீர்ப் பம்பு முன்னால் இருப்பதால், தண்ணீர் குறையும்போது பின்பக்கச் சிலிண்டர்கள்தான் முதலில் வறண்டுபோகும் என்பதற்கு இது பொருந்தியது. காரைக்குடி லேத்துப் பட்டறையில் முகத்தைச் சீராக்கிக்கொண்டேன்.

பிஸ்டன்களைப் பற்றி எழுதும்போது எனக்குத் தனி ஈடுபாடு வந்துவிடுகிறது. எந்தப் பாகமும் தனக்கு நேர்ந்ததை இவ்வளவு தெளிவாக எழுதி வைப்பதில்லை. பிஸ்டனின் அலுமினியம், லைனரின் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். தண்ணீர் நின்று சூடேறினால் பிஸ்டன் லைனரைவிட வேகமாகப் பெருத்து, கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் பொருந்தும் இடத்தின் இருபுறமுமாக நான்கு மூலைகளில் லைனரோடு உரசும். எண்ணெய் பற்றாமல் போன பிஸ்டனில் கீறல் பெரும்பாலும் அழுத்தம் விழும் பக்கத்தில்தான் அதிகமாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது பிஸ்டன்களில் நான்கு மூலைகளிலும் மினுமினுப்பான உரசல் இருந்தது. ஆகவே இது எண்ணெய்க் குறையால் வந்ததன்று, சூட்டால் வந்ததே என்று உறுதியாயிற்று. அந்த இரண்டு லைனர்களிலும் மேலிருந்து கீழாக ஓடிய கோடுகள் நகத்தைத் தடுத்தன. கண்ணுக்குத் தெரிந்தும் நகத்துக்குத் தட்டுப்படாத கோட்டைச் சில வேளை மெருகேற்றும் ஓன் கல்லால் தேய்த்துவிடலாம். நகம் நின்றால் லைனரை மாற்றத்தான் வேண்டும். மற்ற நான்கும் நன்றாக இருந்தன என்றாலும், ஓ ரிங்குகளை மட்டும் ஆறிலும் மாற்றினேன்; ஒன்றை வேகவைத்த சூடு மற்றவற்றையும் தொட்டிருக்கும்.

கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் தகடுகளைக் கழற்றிப் பார்த்தபோது மேற்பூச்சு பல இடங்களில் மங்கிப் புள்ளி புள்ளியாக இருந்தது. உப்பு நீர் கலந்த எண்ணெயில் ஓடி வந்ததன் அடையாளம் அது. கிராங்கை அளந்தேன், தேய்மானம் இல்லை. தகடுகளை மட்டும் மாற்றினேன். தெர்மோஸ்டாட்டைப் பற்றி இரண்டாம் யோசனையே கூடாது, ஒருமுறை அளவு மீறிச் சூடானதைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். இன்ஜெக்டர் முனைகள் நீலம் பாரித்திருந்தன. அவற்றைச் சோதனை மேசையில் ஏற்றியதில் இரண்டு சொட்டின.

இவ்வளவும் செய்த பிறகு, இரண்டு ஹெட்டுகளிலும் விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு எதுவும் எழவில்லை. குளிர்ந்த நிலையில் காற்றழுத்தமும் கொடுத்தேன், இறங்கவில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று கட்டங்களில் ஹெட் போல்ட்டுகளை இறுக்கி, பட்டறையிலேயே அரை மணி ஓட்டி, எண்ணெயை மாற்றி, ஆறிய பிறகு மறுபடி இறுக்கி அனுப்பினேன். மூன்று காரணங்களைக் கண்டுபிடித்துவிட்ட நிறைவு எனக்கு இருந்தது. என் பிழை அந்த நிறைவில்தான் இருந்தது.

மூன்றாவது பயணம் முடிந்து உரிமையாளர் அழைத்தார். "அண்ணே, ஆயில் சுத்தமா இருக்கு. சூடும் ஏறல. ஆனா ஒவ்வொரு தடவையும் ஹெடர் டேங்க்ல ரெண்டு லிட்டர் தண்ணி குறையுது. எங்கயும் ஒழுகல."

வெளியே ஒழுகவில்லை, எண்ணெயிலும் இல்லை என்றால், தண்ணீர் புகையோடு போகிறது. நான் மறுபடி தொண்டிக்குப் போய்ப் பாரம் ஏற்றி ஓட்டச் சொன்னேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு, ஹெடர் டேங்கில் தொடர்ந்து குமிழி வந்தது. புகைக்குழாயில் வெண்ணிற ஆவி தெரிந்தது. குளிர்ந்த எஞ்சினில் இரண்டும் இல்லை. பின் ஹெட்டைக் கழற்றி, இம்முறை லேத்துப் பட்டறையிலுள்ள தொட்டியில் 80 டிகிரி வரை தண்ணீரைச் சூடாக்கி, ஹெட்டின் தண்ணீர்த் துளைகளை அடைத்து உள்ளே காற்றைச் செலுத்தி முழுகவைத்தோம். இருபது நிமிடம் எதுவும் இல்லை. வார்ப்பிரும்பு முழுதும் சூடேறிய பிறகு, ஐந்தாவது சிலிண்டரின் புகைவால்வுப் பாதைக்குள்ளிருந்து நூல் போலக் குமிழிகள் எழுந்தன. வால்வு சீட் வளையத்துக்கு அடியிலிருந்து ஓடிய விரிசல் அது. சாயம் தடவும் முகத்தில் அது வெளிப்படவே இல்லை. குளிர்ந்திருக்கும்போது தன்னை மூடிக்கொண்டிருந்தது.

அந்த ஹெட்டை வெல்டிங் செய்து கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தரையில் ஓடும் பம்பு செட்டாக இருந்தால் நானும் முயன்றிருப்பேன். கரை தெரியாத இடத்தில் ஆறு பேர் நம்பியிருக்கும் எஞ்சினில் வார்ப்பிரும்பு வெல்டிங்கை வைக்க என் மனம் ஒப்பவில்லை. வேறு ஹெட் வாங்கி, அதையும் வெந்நீரில் சோதித்த பிறகே பொருத்தினேன். இரண்டாம் முறை கழற்றிப் பூட்டியதற்குக் கூலி வாங்கவில்லை. வெந்நீர்ச் சோதனையை முதல் முறையே செய்திருக்க வேண்டியவன் நான். அதிலிருந்து, சூடாகி வரும் எந்த ஹெட்டையும், லாரியுடையதானாலும் சரி, குளிர்ந்த சோதனையை மட்டும் நம்பித் திருப்பிக் கொடுத்ததில்லை.

நன்னீர்ப் பாதையில் என்ன ஊற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். பிளாக்கிற்குள் சுண்ணாம்புப் படிவை ஏற்றிவிடும். எங்கள் ஊர் வீடுகளில் நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரையிலிருந்து இறங்கும் மழைநீரைத் தகரக் குழாயில் வாங்கி அண்டாக்களில் பிடித்து வைக்கும் பழக்கம் உண்டு. நான் அப்படிப் பிடித்த தண்ணீரைத்தான் கேன்களில் தொண்டிக்கு எடுத்துப் போகிறேன். ஆனால் மழைநீரை மட்டும் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கும். கூலன்ட் கலவையை அதன் குப்பியில் குறித்துள்ள அளவுப்படி சேர்த்தே ஆக வேண்டும். நிறமுள்ள கூலன்டால் இன்னொரு நன்மை உண்டு. எண்ணெயிலோ புகைக்குழாயிலோ பச்சை நிறம் தென்பட்டால், வந்தது நன்னீர்ப் பாதையிலிருந்துதான் என்று காய்ச்சிப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

கூலரின் கடல்நீர்ப் பக்கத்தில் இருக்கும் துத்தநாகக் குச்சியும் பலரால் மறக்கப்படுகிறது. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், எங்கள் வழக்கில் சிக்ரியில், வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்தான் அதை எனக்குப் பல ஆண்டுகளுக்கு முன் விளக்கினார். உப்பு நீரில் செம்பும் இரும்பும் வெண்கலமும் சேர்ந்திருந்தால் அவற்றுக்குள் மின்னோட்டம் ஏற்பட்டு ஒன்று அரிக்கப்படும்; எளிதில் அரியும் துத்தநாகத்தை இடையில் வைத்தால், அது தன்னைக் கொடுத்து மற்றவற்றைக் காக்கும். பாதிக்கு மேல் கரைந்துவிட்டால் மாற்ற வேண்டும். இந்தப் படகின் குச்சி இருந்த இடத்தில் வெறும் பித்தளைத் தலை மட்டும் இருந்தது. கூலர் குழாய்கள் இன்னும் ஓட்டையாகாமல் இருந்தது நல்வாய்ப்பு.

எல்லாவற்றுக்கும் முதல் காரணத்துக்குத் திரும்பினால், அந்த இம்பெல்லர் கடற்புல் அடைத்ததால் மட்டும் பிய்ந்துபோகவில்லை. பம்பின் உட்சுவரில் ஒரு பக்கம் மேடாக இருக்கும். அந்த மேட்டில் இம்பெல்லரின் இரண்டு மூன்று இறகுகள் எப்போதும் வளைந்தே இருக்கும். 61 நாட்கள் அசையாமல் நின்றதில் அந்த இறகுகள் வளைந்தபடியே விறைத்து, அடிப்பகுதியில் வெடிப்பு விட்டிருந்தன. அதன் மேல் தண்ணீரின்றி ஓட வேண்டி வந்ததும், தண்ணீரையே மசகாகக் கொண்ட அந்த ரப்பர் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் தாங்கவில்லை.

இப்போது தடைக்காலம் தொடங்கியதும், என்னிடம் வரும் படகுக்காரர்கள் கடல்நீர்ப் பம்பின் மூடியைக் கழற்றி, இம்பெல்லரை வெளியே எடுத்து நிழலில் வைத்துவிடுகிறார்கள். ஜூன் மாதம் திரும்பப் பொருத்தும்போது, ஒவ்வோர் இறகையும் விரலால் மடக்கி அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, கிளிசரின் தடவிச் சுழலும் திசையிலேயே செருக வேண்டும். கிரீஸ் தடவினால் சில ரப்பர்கள் ஊதிப்போகும். வண்ணம் பூசுகிறவர்களிடம் கசிவுத் துளையில் முதலில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுப் பூசச் சொல்கிறேன். வேலை முடிந்து குச்சியைப் பிடுங்கிய பிறகு, அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை. நானே குனிந்து செய்கிறேன்.